ஜூனியர்னா யாரு? கடைக்கு வர்றவங்க கேக்கற கேள்வியும் என் பதிலும்

ஆந்திராவுல, தமிழ்நாட்டு எல்லை ஓரமா இருக்கற நகரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வச்சிருக்கேன். மே கடைசில ஆரம்பிச்சி ஆகஸ்ட் வரைக்கும் அட்மிஷன் சீசன், உள்ள நிக்க இடம் இருக்காது. நகரி, புத்தூர் பக்கத்து புள்ளைங்க வரும், அந்தாண்ட தமிழ்நாட்டு பள்ளிப்பட்டு, திருத்தணிலேந்தும் வரும். வீட்ல தமிழ், வெளிய தெலுங்கு, ஃபாரத்துல இங்கிலீஷ். இந்த மூணுக்கும் நடுவுல "ஜூனியர்"னு ஒரு வார்த்தை மாட்டிக்கிட்டு படாத பாடு படுது, ஒவ்வொருத்தர் வாயில ஒவ்வொரு அர்த்தம். ஒரே சந்தேகத்துக்கு வருஷா வருஷம் வாய் வலிக்க பதில் சொல்றேன், அதனால இங்க மொத்தமா எழுதி வச்சிடறேன். யாராவது கேட்டா இதை அனுப்பிடுங்க.

ஜூனியர்னா இன்னாண்ணா அர்த்தம்? சின்னவன்னா இல்ல கீழ இருக்கறவன்னா?

சின்னவன். வயசுல இளையவன், அவ்ளோதான். லத்தீன் மொழியில "யுவெனிஸ்"னா இளைஞன், அதுலேந்து "இன்னும் இளையவன்"னு ஒப்பிட்டு சொல்ற வடிவம்தான் "யூனியோர்", அது இங்கிலீஷுக்கு வந்து ஜூனியர் ஆச்சு. சீனியரும் அதே மாதிரிதான், "செனெக்ஸ்"னா வயசானவர், "செனியோர்"னா அவரை விட மூத்தவர். ரெண்டுமே தனியா நிக்காது, யாரை விடன்னு ஒருத்தர் பக்கத்துல இருந்தாதான் அர்த்தம் வரும், நம்ம "தம்பி" மாதிரி. தம்பின்னா யாருக்கோ தம்பி.

இதுல கீழ, மேலங்கற பேச்சே கிடையாது, முன்ன வந்தது யாரு பின்ன வந்தது யாருங்கறதுதான் கணக்கு. இதை நல்லா மனசுல வச்சிக்குங்க, கீழ வர்ற பாதி கேள்விக்கு இதுதான் பதில். அப்பறம் ஆபீஸும் பட்டாளமும் காலேஜும் இந்த வார்த்தையை எடுத்து பதவிக்கு வச்சிக்கிச்சு. ஜூனியர் அசிஸ்டன்ட், ஜூனியர் இன்ஜினியர்னு சொல்லி சொல்லி, "சம்பளம் கம்மி, சொன்னதை கேக்கணும்"ங்கற வாசனை அதுல ஒட்டிக்கிச்சு.

அப்போ நம்ம ஊரு வார்த்தைக்கும் அதுக்கும் ஒட்டு உறவே இல்லையா?

இருக்கு, கேட்டா ஆச்சரியமா இருக்கும். யுவன், யுவதி, யுவராஜா, தெலுங்குல யுவகுடுன்னு சொல்றோமே, சமஸ்கிருத "யுவன்"லேந்து வந்தது. அந்த யுவனும் லத்தீன் யுவெனிஸும் ஒரே தாய் வயித்து புள்ளைங்க, ரெண்டு மொழிக்கும் மூலமான ஒரு பழைய மொழியிலேந்து பிரிஞ்சி போனது. சமஸ்கிருதத்துல "இன்னும் இளையவன்"னு சொல்ல "யவீயஸ்"னு ஒரு வடிவம் இருக்கு, அச்சு அசலா ஜூனியர்தான் அது. செனெக்ஸுக்கும் இங்க சொந்தம் இருக்கு, சனாதனம்னு சொல்றோமே அதுல வர்ற "சனா", பழமையானதுன்னு அர்த்தம்.

பழைய ரோம்ல ஓட்டு போடற கூட்டத்தையும் படையையும் இப்படித்தான் பிரிச்சாங்க, 17 வயசுலேந்து 45 வரைக்கும் "யூனியோரெஸ்", அதுக்கு மேல "செனியோரெஸ்". இளசுங்க வெளிய போய் சண்டை போடணும், மூத்தவங்க ஊரை காவல் காக்கணும். 40 வயசுக்காரரும் அங்க ஜூனியர்தான்!

"இளையர்"ங்கற தமிழ் சொல்லுலேந்துதான் ஜூனியர் வந்துச்சுன்னு வாட்சப்புல வந்துச்சே, நிஜமா?

இல்லப்பா. ரெண்டும் "அர்"னு முடியறதால காதுக்கு ஒண்ணா கேக்குது. தமிழ்ல "அர்" பலரை காட்டற விகுதி, இளையன், இளையர். லத்தீன்ல கடைசில வர்ற "இயோர்" ஒப்பிட்டு சொல்றதுக்கான உறுப்பு. வேலையே வேற, வழியும் வேற, மேல சொன்ன யுவன் கதைதான் சரி.

ஆனா இளையர் நல்ல பழைய சொல்லு. சங்கப் பாட்டுல தலைவன் கூட போற ஏவலாளுங்களையும் இளம் வீரர்களையும் இளையர்னுதான் சொல்லியிருக்கு. நம்ம சொல்லுக்கு பெருமை சேக்க லத்தீன் வார்த்தையை புடிச்சி இழுக்க வேணாம், அதுக்கே போதுமான வயசு இருக்கு.

எங்க பையன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான், அவனை ஏன் ஜூனியர் காலேஜுல போடறீங்க? சீனியர் காலேஜ் ஃபாரம் குடுங்க.

இதை முதல் தடவை கேட்டது பள்ளிப்பட்டு பக்கத்துலேந்து வந்த ஒரு அம்மா. தறி வேலை, புருஷன் இல்ல, மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு முந்தானைக்குள்ள வச்சி எடுத்துட்டு வந்தாங்க. நான் ஸ்க்ரீன்ல "ஜூனியர் இன்டர்"னு செலக்ட் பண்ணதும் பையன் அதை படிச்சி காட்டினான், அவங்க முகம் அப்படியே வாடிப் போச்சு. "470 மார்க் வாங்கியிருக்கான் சார், ஃபெயில் ஆனவன் மாதிரி ஜூனியர்ல தள்றீங்களே"ன்னாங்க. பத்து நிமிஷம் உக்கார வச்சி சொன்னேன், அன்னைக்கு சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

ஆந்திராவுல பத்தாவதுக்கு அப்பறம் வர்ற ரெண்டு வருஷத்துக்கு இன்டர்மீடியட்னு பேரு. கோத்தாரி கமிஷன் (1964-66) சொன்ன 10+2+3 முறையை ஆந்திரா 1969-70லயே எடுத்துக்கிச்சு, தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்தது 1978ல. தமிழ்நாடு அந்த ரெண்டு வருஷத்தை ஸ்கூல்ல சேத்துச்சு, அதனால அது ஹயர் செகண்டரி ஸ்கூல். ஆந்திரா அதுக்குன்னு தனி காலேஜ் வச்சிச்சு, டிகிரி காலேஜுக்கு முன்னாடி வர்றதால அது ஜூனியர் காலேஜ். முதல் வருஷம் படிக்கறவன் ஜூனியர் இன்டர், ரெண்டாவது வருஷம் சீனியர் இன்டர், ஆனா ரெண்டு பேரு படிக்கறதும் ஜூனியர் காலேஜ்தான். அதாவது "சீனியர் இன்டர் படிக்கறேன், கவர்மென்ட் ஜூனியர் காலேஜுல"ன்னு ஒருத்தன் சொன்னா அது தப்பில்ல, ஜூனியர் இன்டர்ல வர்ற ஜூனியரும் ஜூனியர் காலேஜ்ல வர்ற ஜூனியரும் வேற வேற விஷயம்.

"ஜூனியர் காலேஜ்"ங்கற பேரே அமெரிக்காவுலேந்து வந்தது. சிகாகோ யூனிவர்சிட்டி தலைவரா இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1896ல டிகிரியோட முதல் பாதிக்கு ஜூனியர் காலேஜ், ரெண்டாம் பாதிக்கு சீனியர் காலேஜ்னு பேரு வச்சாரு. 1901ல ஜோலியட் ஊர்ல ஹைஸ்கூலோட சேத்தே ஒரு ஜூனியர் காலேஜ் ஆரம்பிச்சாங்க. அங்க அது டிகிரியோட முதல் ரெண்டு வருஷம், இங்க டிகிரிக்கு முந்தின ரெண்டு வருஷம், பேரு மட்டும் ஒண்ணு. அந்த அம்மாவோட பையன் எம்.பி.சி (மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி) குரூப் எடுத்தான்.

ஜூனியர் இன்டரும் தமிழ்நாட்டு பிளஸ் ஒன்னும் ஒண்ணுதானே?

படிப்பு அளவுல ஆமா, ரெண்டும் பதினொண்ணாவது. குரூப் பேருதான் மாறும். தமிழ்நாட்டு பக்கம் ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப்னு சொல்றதை இங்க எம்.பி.சி, பை.பி.சி, சி.இ.சின்னு பாடத்தோட முதல் எழுத்தை சேத்து சொல்றாங்க.

ஜூனியர் என்.டி.ஆர், ஜூனியர் வக்கீல், ஜூனியர் ஆர்டிஸ்ட், இதெல்லாம் என்ன ஜூனியர்?

ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணு. ஒரே பேரு வச்ச ரெண்டு பேருல இளையவரை பிரிச்சி சொல்றது முதல் வகை, வெள்ளைக்காரங்க அப்பா பேரையே புள்ளைக்கு வச்சா ஜூனியர் போடுவாங்க, நம்ம என்.டி.ஆருக்கு தாத்தா பேரு. ஜூனியர் வக்கீல்னா ஒரு மூத்த வக்கீல்கிட்ட வேலை கத்துக்கறவர். சினிமா ஜூனியர் ஆர்டிஸ்ட் கூட்டத்துல நிக்கறவங்க, அதுல 60 வயசு பாட்டியும் இருப்பாங்க. இந்த கடைசி வகையில வயசு சுத்தமா கழண்டு போயிடுச்சு பாத்தீங்களா.

அமெரிக்காவுல ஜூனியர்னா மூணாவது வருஷமாமே, எங்க மாமா பொண்ணு சொன்னா. எப்படி?

உண்மைதான். அங்க நாலு வருஷ டிகிரில முதல் வருஷம் ஃப்ரெஷ்மேன், ரெண்டாவது சோஃபோமோர், மூணாவது ஜூனியர், நாலாவது சீனியர். விசா, ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பும்போது "நான் காலேஜுல சின்னவன்தானே"ன்னு ஜூனியரை டிக் பண்ணிடாதீங்க, மூணாம் வருஷம்னு எடுத்துப்பாங்க.

இதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. இங்கிலாந்து கேம்பிரிட்ஜுல அந்த காலத்துல பரீட்சைங்கறது எழுதறது இல்ல, சபையில நின்னு வாதம் பண்றது. வாதத்துக்கு தயாரான மாணவனுக்கு "சோஃபிஸ்டர்"னு பேரு, அதுல இளசு ஜூனியர் சோஃபிஸ்டர், மூத்தது சீனியர் சோஃபிஸ்டர். 1688ல ரேண்டல் ஹோம்ங்கறவர் யூனிவர்சிட்டி மாணவர் வரிசையை எழுதி வச்சிருக்காரு: ஃப்ரெஷ்மேன், சோஃபிமோர், ஜூனியர் சோஃப், கடைசியா சீனியர் சோஃப். அதை அமெரிக்கா ஹார்வர்டு வழியா எடுத்துக்கிச்சு, நாள் ஆக ஆக வாலை வெட்டிட்டு வெறும் ஜூனியர், சீனியர்னு நிறுத்திடுச்சு. அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி காலேஜுல இன்னைக்கும் ஜூனியர் ஃப்ரெஷ், சீனியர் ஃப்ரெஷ், ஜூனியர் சோஃபிஸ்டர், சீனியர் சோஃபிஸ்டர்னு முழுசா சொல்றாங்க. அப்போ அமெரிக்க ஜூனியர் "சீனியரை விட இளையவன்", ஃப்ரெஷ்மேனுக்கு அவன் ரெண்டு வருஷம் மூத்தவன். முதல் கேள்வில சொன்னேனே, யாரை விடங்கறதை கேக்காம இந்த வார்த்தைக்கு அர்த்தமே வராதுன்னு, அதுதான் இது.

சோஃபோமோர்னா "புத்திசாலி முட்டாள்"னு எங்க லெக்சரர் சொன்னாரு...

அப்படி ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது, கிரேக்கத்துல "சோஃபோஸ்"னா அறிவாளி, "மோரோஸ்"னா முட்டாள், ரெண்டையும் ஒட்டினா வருதுன்னு. ஆனா மூலம் அது இல்ல, மேல சொன்ன வாதத்துக்கு பழைய இங்கிலீஷ்ல "சோஃபும்"னு ஒரு வடிவம் இருந்துச்சு, அதை பண்றவன் சோஃபுமர். பின்னாடி வந்தவங்க இந்த கிரேக்க விளக்கத்தை மனசுல வச்சி எழுத்தை மாத்திக்கிட்டாங்க. லெக்சரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, நல்ல மனுஷங்களே நிறைய பேரு இதை சொல்றாங்க.

ஃப்ரெஷர்னா முதல் வருஷ பையனா, வேலை தேடறவனா? ரெண்டு இடத்துலயும் அதே வார்த்தை வருது.

ரெண்டும்தான். ஃப்ரெஷ்மேன்னா முதல்ல எந்த வேலைக்கும் புதுசா வந்தவன், 16ஆம் நூற்றாண்டு கடைசில காலேஜுக்கு புதுசா வந்தவனுக்கு அது பேரா ஆச்சு. ஆக்ஸ்ஃபோர்டு பசங்க 19ஆம் நூற்றாண்டுல எதை எடுத்தாலும் கடைசில "அர்" போட்டு சுருக்குவாங்க, ரக்பியை ரக்கர்னாங்க, கால்பந்தை சாக்கர்னாங்க, அந்த பழக்கத்துல ஃப்ரெஷ்மேன் ஃப்ரெஷர் ஆயிட்டான். ஃப்ரெஷர்ஸ் டே இதுலேந்து வந்ததுதான்.

நம்ம நாட்டுல கம்பெனிக்காரங்க இதை எடுத்து "அனுபவம் இல்லாதவர்"னு விளம்பரத்துல போட ஆரம்பிச்சாங்க. அதனால ஒரே பையன் 18 வயசுல ஒரு தடவை ஃப்ரெஷர், சில வருஷம் கழிச்சி ஃபைனல் இயர்ல காலேஜுக்கே பெரிய அண்ணனா இருக்கும்போது மறுபடியும் ஃப்ரெஷர்.

புதுசா வர்றவனை மட்டம் தட்டற பேரு நம்ம ஊர்ல மட்டும்தானா?

எல்லா ஊர்லயும் இருந்திருக்கு. பாரிஸ் யூனிவர்சிட்டில அந்த காலத்துல புது மாணவனுக்கு "மஞ்ச மூக்கு"ன்னு பேரு, பிரெஞ்சுல "பெக் ஜோன்". கூட்டை விட்டு இன்னும் வெளிய வராத குருவிக்குஞ்சை பாருங்க, வாய் ஓரம் மஞ்சளா இருக்கும், அதுதான். அந்த பேரு லத்தீன்ல "பெஜானுஸ்" ஆகி, ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் யூனிவர்சிட்டில "பெஜன்ட்"னு இன்னும் நிக்குது. ஜெர்மனில மாணவர் சங்கத்துல புதுசா சேந்தவனை "ஃபுக்ஸ்", அதாவது நரின்னு கூப்பிடுவாங்க.

பேரோட விட்டாங்களா, அதுவும் இல்ல. ஜெர்மன் யூனிவர்சிட்டிங்கள்ல நூறு நூறு வருஷமா ஒரு சடங்கு நடந்துச்சு, புதுசா வந்த பையன் தலையில கொம்பு வச்ச தொப்பி மாட்டி, வாயில பன்னி பல்லு மாதிரி வச்சி, இவன் இன்னும் மிருகம்னு சொல்லி, ரம்பம், இழைப்புளி, குறடு எல்லாம் எடுத்துட்டு வந்து கொம்பை அறுக்கறது பல்லை புடுங்கறதுன்னு கூத்து பண்ணி, கடைசில அவன் காசுலயே எல்லாருக்கும் விருந்து. அது முடிஞ்சாதான் அவன் மாணவன். இங்கிலாந்து போர்டிங் ஸ்கூல்ல சின்ன பசங்க பெரிய பசங்களுக்கு பூட்ஸ் துடைக்கறது, ரொட்டி சுட்டு குடுக்கறதுன்னு ஒரு ஏற்பாடே இருந்துச்சு. படிக்கும்போது எனக்கு வயித்த பிசைஞ்சது, ஏன்னா ஜூனியர்கிட்ட ட்ரீட் கேக்கறது, துணி துவைக்க விடறது எதுவுமே நம்ம பசங்க கண்டுபுடிச்சது இல்ல, யாரோ பண்ண தப்பை கை மாத்தி கை மாத்தி வாங்கிட்டு வந்திருக்கோம்.

அனிமேல கோஹாய், சென்பாய்னு வருதே, அது நம்ம ஜூனியர் சீனியரா?

ஆமா, கிட்டத்தட்ட. சென்பாய்ல "சென்"னா முன்னாடி, கோஹாய்ல "கோ"ன்னா பின்னாடி, "ஹாய்"னா கூட்டாளிங்க. முன்ன வந்த கூட்டாளி, பின்ன வந்த கூட்டாளி, எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, ரெண்டு பேரும் கூட்டாளிங்கறது வார்த்தைக்குள்ளயே இருக்கு. கொரியாவுல அதே எழுத்தை சொன்பே, ஹூபேன்னு படிக்கறாங்க. ஜப்பான்ல சென்பாயை சென்பாய்னே கூப்பிடலாம், ஆனா கோஹாயை மூஞ்சிக்கு நேரா கோஹாய்னு கூப்பிட மாட்டாங்க, பேரு சொல்லித்தான்.

சைனாக்காரங்க சொல்றது இன்னும் நமக்கு கிட்ட வருது. ஜூனியர் பையனுக்கு அவங்க வார்த்தை "படிப்புத் தம்பி", பொண்ணுன்னா "படிப்புத் தங்கச்சி". நாம படிப்பை விட்டுட்டு வெறும் தம்பிங்கறோம்.

தமிழ்ல ஜூனியர் மாணவருக்கு சரியான சொல்லு என்ன? இளநிலை மாணவர்னு எழுதலாமா?

எழுதாதீங்க, குழம்பும். இளநிலைன்னா இப்ப டிகிரி படிப்பு, முதுநிலைன்னா பி.ஜி. அதே இளநிலையை தமிழ்நாடு சர்க்கார் ஆபீஸ்ல ஜூனியருக்கும் வச்சிருக்காங்க, இளநிலை உதவியாளர்னு. அதனால "இளநிலை மாணவர்"னு போட்டா பி.ஏ படிக்கறவன்னுதான் நினைப்பாங்க. இதுல இன்னொண்ணு, பேச்சிலர் டிகிரின்னு சொல்றோமே, அந்த பேச்சிலரே முன்ன காலத்துல இன்னொரு பெரிய வீரன் கொடிக்கு பின்னாடி போற இளம் வீரனைத்தான் குறிச்சது, அதுவும் ஒரு ஜூனியர்தான்! அதனால இளங்கலைன்னு மொழிபெயர்த்தவங்க நல்லா யோசிச்சிருக்காங்க.

பேப்பர்ல எழுதணும்னா "இளைய மாணவர்", "முதலாம் ஆண்டு மாணவர்" போதும். பேச்சுல ஜூனியரே இருக்கட்டும், தமிழ்ல நல்லா செட் ஆயிடுச்சு. ஆனா எனக்கு புடிச்ச சொல்லு ஒண்ணு புறநானூறு 183ல இருக்கு, "பிற்றைநிலை". ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன்னு ஒரு ராஜா பாடினது. பின்னாடி நிக்கற நிலையை வெறுக்காம கத்துக்கறது நல்லதுன்னு சொல்றாரு, அங்க அது வாத்தியாருக்கு பின்னாடி பணிஞ்சி நிக்கறது. அதே பாட்டுல கீழ வந்தா, ஒரே வீட்ல பொறந்தவங்கள்லயும் மூத்தவன் வரட்டும்னு கூப்பிட மாட்டாங்க, அறிவு உள்ளவன் போற வழியிலதான் அரசே போகும்னு வருது. பின்ன நிக்கறதும் நல்லது, ஆனா முன்ன பொறந்ததால மட்டும் யாரும் பெரியவன் இல்ல, ஒரே பாட்டுல ரெண்டும் இருக்கு. பாடினது ஒரு ராஜாங்கறதை நினைச்சி பாருங்க.

எங்க தாத்தா சட்டாம்பிள்ளைன்னு சொல்வாரு, அவரு சீனியரா வாத்தியாரா?

ரெண்டுக்கும் நடுவுல. திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒருத்தர், புள்ளைங்க வேற வேற வயசு, அதுல முன்னாடியே சேந்து நல்லா படிக்கற பையன்தான் சட்டாம்பிள்ளை. சின்னதுங்களை மணல்ல கையைப் புடிச்சி எழுத வைக்கறது, பாடம் ஒப்பிக்க வைக்கறது அவன் வேலை. மலையாளத்துல சட்டம்பின்னா இன்னைக்கு ரவுடின்னு அர்த்தம், ஆனா கேரளாவுல சட்டம்பி சுவாமிகள்னு (1853-1924) பெரிய மகான் இருந்தாரு, அவருக்கு அந்த பேரு வந்ததே சின்ன வயசுல வகுப்புல சட்டாம்பிள்ளையா இருந்ததால. ஒரே வார்த்தை, ஒரு பக்கம் ரவுடி, இன்னொரு பக்கம் சாமி.

இதுல நம்ம மெட்ராஸுக்கு உலக அளவுல ஒரு பங்கு இருக்கு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் 1789ல எழும்பூர்ல பட்டாளத்து அனாதை பையனுங்க பள்ளியை நடத்த வந்தாரு. இங்க ஒரு பள்ளிக்கூடத்துல புள்ளைங்க மணல்ல எழுதி ஒண்ணுக்கு ஒண்ணு சொல்லிக் குடுக்கறதை பாத்தாரு. அவரு ஸ்கூல் வாத்தியாருங்க மணல்ல எழுத வைக்க மனசில்லாம இருந்தாங்க, இவரு எட்டு வயசு பையன் ஒருத்தனை கூப்பிட்டு சின்ன புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்க சொன்னாரு, நடந்துச்சு. 1797ல லண்டன்ல அதை புஸ்தகமா போட்டாரு, "மெட்ராஸ் சிஸ்டம்"னு பேரோட இங்கிலாந்து பூரா பரவிச்சு. முன்ன வந்தவன் பின்ன வந்தவனுக்கு கத்துக் குடுக்கறதுதான் அந்த முறை, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நன்னூலும் இதைத்தான் கணக்கு போட்டு சொல்லுது, வாத்தியார்கிட்ட கேட்டா கால்வாசி, கூட படிக்கறவங்களோட பழகினா இன்னொரு கால், அடுத்தவனுக்கு எடுத்து சொன்னாதான் மிச்ச பாதி. ஜூனியர் இல்லன்னா சீனியர் படிப்பு பாதில நிக்கும்.

சீனியரை "சார்"னு கூப்பிடணும், அவங்க சட்டை மூணாவது பட்டனை பாத்துதான் பேசணும்னு சொல்றாங்க. செய்யணுமா?

செய்ய வேணாம். இதை கோவத்தோடதான் எழுதறேன். எங்க அக்கா பையன் இன்ஜினியரிங் சேந்து தசரா லீவுக்கு வீட்டுக்கு வந்தான். "எப்படி இருக்கு காலேஜு"ன்னு கேட்டேன், "நல்லா இருக்கு மாமா"ன்னான், ஆனா என் கண்ணை பாக்கல, என் சட்டை பட்டனையே பாத்து சொன்னான். மூணு மாசத்துல அவன் கண்ணு அங்கயே பழகிப் போச்சு. தலையை தூக்குடான்னு அவன் தாடையை புடிச்சி தூக்கினேன், அழுதுட்டான். காலேஜ் பேரு வேணாம். அந்த சீனியர் பசங்களும் அதுக்கு முந்தின வருஷம் பட்டனை பாத்தவங்கதான்.

சட்டம் தெளிவா இருக்கு. 1996 நவம்பர்ல தமிழ்நாட்டுல ஒரு மெடிக்கல் காலேஜ் முதல் வருஷ பையனை சீனியர் கொலை பண்ணதுக்கு அப்பறம் 1997ல தமிழ்நாடு ராகிங் தடை சட்டம் வந்துச்சு, 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அதே 1997ல ஆந்திராவும் சட்டம் போட்டுச்சு, கிண்டல் பண்ணி அவமானப்படுத்தினாலே 6 மாசம் வரைக்கும் ஜெயில், அடி உதைன்னா இன்னும் மேல போகும். 2009 யு.ஜி.சி விதிமுறைல ஜூனியரை ரெக்கார்டு, அசைன்மென்ட் எழுத வைக்கறதும், அவன் காசுல செலவு பண்ண வைக்கறதும் ராகிங்னே எழுதியிருக்கு. தயவு செஞ்சு 1800-180-5522 நம்பரை ஃபோன்ல போட்டு வைங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, அட்மிஷன் ஃபாரம் பிரிண்ட் எடுக்கற எல்லா புள்ளைக்கும் நான் பின்னாடி பேனாலயே எழுதி குடுக்கறேன்.

சீனியரை என்ன கூப்பிடறதுன்னா அண்ணா, அக்கா. நம்ம பக்கம் வசதி என்னன்னா இந்த ரெண்டும் தமிழ்லயும் தெலுங்குலயும் ஒண்ணு, எந்த ஊரு சீனியருக்கும் செல்லும். அவங்க திருப்பி தமிழ்ல தம்பின்னாலும் சரி, தெலுங்குல தம்முடுன்னாலும் சரி.

நான் லாங் டெர்ம் ரெண்டு வருஷம் போட்டு இப்பதான் எம்.பி.பி.எஸ் சேரறேன். செகண்ட் இயர் பசங்க என்னை விட சின்னவங்க. நான் எப்படி ஜூனியர்?

(தெரியாதவங்களுக்கு: இன்டர் முடிச்சி நீட்டுக்கு மறுபடியும் ஒரு வருஷம் கோச்சிங் போறதை இங்க லாங் டெர்ம்னு சொல்றாங்க.) வார்த்தை பொறந்த இடத்துல வயசுதான் கணக்கு, அந்த கணக்குல அவங்கதான் உனக்கு ஜூனியர். காலேஜ்ல சேந்த வரிசைதான் கணக்கு, அதுல நீ அவங்களுக்கு ஜூனியர். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. ஜப்பான்லயும் இப்படித்தான், எப்ப சேந்தேங்கறதுதான் சென்பாயை முடிவு பண்ணும்.

கூப்பிடறதுக்கு எங்க ஊரு பசங்க ஒரு வழி வச்சிருக்காங்க, வயசுல சின்ன சீனியரை பேரோட "காரு" சேத்து கூப்பிடறது, தெலுங்கு மரியாதை, ஒருத்தருக்கும் உறுத்தாது. தமிழ் பசங்களுக்குள்ளன்னா வாங்க போங்கன்னு ஆரம்பிச்சி பத்து நாள்ல வா போன்னு ஆயிடும்.

டிப்ளமா முடிச்சி ஈசெட் எழுதி நேரா செகண்ட் இயர் பி.டெக் வந்தேன். ஃபர்ஸ்ட் இயர் பசங்க எனக்கு முன்னாடியே கேம்பஸுக்கு வந்துட்டாங்க. யாரு சீனியர்?

நீதான், ஏன்னா பேட்ச் எந்த வருஷம் வெளிய போகுதுங்கறதை வச்சிதான் காலேஜ்ல பாக்கறாங்க, உன் பேட்ச் அவங்களுக்கு முன்னாடி போகும். ஆனா உன் பேட்ச் பசங்க ஒரு வருஷமா அங்க இருக்காங்க, அதனால "நீ லேட்டரல், எங்களுக்கு ஜூனியர்"னு சில பேரு சொல்வாங்க. அது தப்பு, நீ அவங்க பேட்ச்மேட். டிப்ளமாவுல மூணு வருஷம் லேப்ல கை வச்சி வேலை பண்ணிட்டு வந்திருக்க, நிறைய விஷயம் அவங்களை விட உனக்கு நல்லா வரும். மேத்ஸ் மட்டும் முதல் செமஸ்டர்ல இடிக்கும், அதை யாருகிட்ட கேட்டாலும் தப்பில்ல.

போன வருஷம் இப்படி சேந்த ஒரு பொண்ணு பிரிண்ட் எடுக்க வந்தா. மெஸ் எந்தப் பக்கம்னு கூட தெரியாம முதல் நாள் நின்னாளாம், ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒண்ணு கூட்டிட்டு போய் காட்டிச்சாம். "அவளை அக்கான்னு கூப்பிட்டுட்டேண்ணா, அவ என்னை அக்கான்னா, ரெண்டு பேரும் இன்னும் அப்படியே கூப்பிட்டுக்கறோம்"னு சொன்னா.